சுக்கு தூங்கிப் போன தூரம்

மலையடிவாரத்தில் கூடாரம்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊரில் மேலத்தெரு என்று ஒரு தெரு. அந்தத் தெருவில் விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரைக்கும் சத்தம் ஓய்ந்த நாளே கிடையாது, அதற்குப் பாதிக் காரணம் நான். துரைப்பாண்டி சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு போட்டுக் கடை வைத்திருக்கிறேன். மிச்சப் பாதியை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். முப்பிடாதியின் மாவுக் கடையில் மூன்று கிரைண்டர்கள் உருளும், அதற்கு எதிரே மாவு மில் உறுமும், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள், முக்கில் திரும்புகிற மினி பஸ் ஊரையே எழுப்புகிற மாதிரி ஹாரன் அடிக்கும், இத்தனைக்கும் மேலே, பதினோரு மணி ஆனதும், குருவம்மாள் மதினி தன் புருஷன் தவசியை வைய ஆரம்பிப்பாள்.

அந்த வசவைக் கேட்டு யாரும் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. அதில் கோபம் கிடையாது, ஏற்ற இறக்கம் மட்டும் உண்டு, சட்டையைக் கொடியில் போடாததில் ஆரம்பித்து, அவர் தம்பி கல்யாணத்தில் இவளுக்குப் பந்தியில் அப்பளம் வராதது வரைக்கும் போய், திரும்பவும் சட்டைக்கே வந்து நிற்கும். தவசி அண்ணாச்சி நெல்லிக்காய் மூட்டையைத் தைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொல்வார்: "ஆகட்டும், ஆகட்டும்."

இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சுக்கு பிறந்தது. கோம்பை ஜாதிப் பெண் நாய், உடம்பெல்லாம் செம்பழுப்பு, மூஞ்சி மட்டும் கறுப்பு. முப்பிடாதி பன்னிரண்டாவது வரை படித்தவள், கல்யாணம் வேண்டாம் என்று மாவுக் கடை வைத்தவள், இங்கிலீஷ் அவளுக்கு வெளிநாட்டு நாய்ப் பயிற்சி வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே வந்தது. அதைப் பார்த்துத்தான் சுக்குக்கு மோப்பம் பிடித்துத் தடம் போகச் சொல்லிக் கொடுத்தாள். காணாமல் போன கன்றுக்குட்டியைச் சுக்கு கண்டுபிடித்தது, என் ஆம்ப்ளிஃபயர் ரிமோட்டைக் கண்டுபிடித்தது, தலைமையாசிரியரின் பல்செட்டைப் பாலத்துக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, பிரேயர் நேரம் பார்த்து அவர் காலடியில் வைத்தது. அவர் ஒரு வாரம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

போன வருஷம் தவசி அண்ணாச்சி மலைக்கு நெல்லிக்காய் பறிக்கப் போனவர் திரும்பவில்லை. முப்பிடாதி சுக்கைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். சோதனைச் சாவடியில் இருந்த அதிகாரி மறித்துவிட்டார். சான்றிதழ் உள்ள நாய்க்குத்தான் காட்டுக்குள் அனுமதி, நாட்டு நாய்க்கு எவன் சான்றிதழ் கொடுத்தான் என்று கேட்டார். சான்றிதழ் உள்ள நாய் நகரத்திலிருந்து மூன்றாம் நாள்தான் வந்தது. நல்ல நாய்தான், குறை சொல்ல மாட்டேன், இரண்டு மணி நேரத்தில் அண்ணாச்சியைப் பள்ளத்தில் கண்டுபிடித்தது. இறந்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு நாளை எங்களால் இன்றைக்கும் முழுங்க முடியவில்லை.

அன்றையிலிருந்து குருவம்மாள் மதினி வாயைத் திறக்கவில்லை. அழக்கூட இல்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். சுக்கும் அந்த வருஷம் முழுக்க ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கியது, வயசாகிறது போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

முப்பிடாதி மட்டும் விடவில்லை. வீடியோ போடுகிற அந்த வெளிநாட்டுக்காரிக்கு எழுதினாள். மார்யெட்டா என்று பெயர், ஸ்லோவேனியா நாட்டில் ஒரு சின்ன ஊர், ஊர்ப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். வருஷா வருஷம் ஒரு வாரம் மோப்ப நாய்ப் பயிற்சி முகாம் நடத்தி, ஏழாம் நாள் பரீட்சை வைப்பார்களாம், பாஸ் பண்ணினால் உலகம் முழுக்கச் செல்லுகிற சான்றிதழாம். நாயோடு வா, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மார்யெட்டா பதில் போட்டாள். தெருவே ஊறுகாய் கட்டிக் கொடுத்தது.

சென்னை விமான நிலையத்துக்கு என் வேனில்தான் போனோம். அங்கே போனால், நாய்க்கு வெறிநோய் ரத்தப் பரிசோதனை எடுத்து மூன்று மாதம் முடிந்திருக்க வேண்டுமாம், எங்களுக்குப் பதினோரு நாள் குறைகிறதாம். நாங்கள் ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணியிருக்கிறோம், அவர்கள் ரத்தம் எடுத்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். முப்பிடாதி கல்லாய் நின்றாள். நான்தான், "நீ போம்மா, பாத்துப் படிச்சிட்டாவது வா" என்று சுக்கின் கழுத்துப் பட்டையிலிருந்து கயிற்றைக் கழற்றினேன். கயிற்றின் மறுமுனை அவள் கையில் இருந்தது. அதை என்னிடம் கொடுக்க அவளுக்குத் தோன்றவில்லை, வாங்கிக்கொள்ள எனக்கும் தோன்றவில்லை, நாய் ஊருக்குத் திரும்பியது, கயிறு விமானம் ஏறியது.

முகாமின் முதல் நாள் காலை எட்டு மணிக்கு, அதாவது நமக்குப் பதினொன்றரைக்கு, பதினாறு நாய்களும் பதினாறு ஆட்களும் வரிசையாக நிற்க, பதினேழாவதாக முப்பிடாதி வெறும் கயிற்றோடு நின்றாள். அதே நேரம் இங்கே மேலத்தெருவில் இரண்டாவது ஈடு அரிசியைக் கிரைண்டரில் போட்டார்கள், சுக்கு வழக்கம் போல அதன் பக்கத்தில் சுருண்டு படுத்தது. அங்கே கயிறு மெதுவாகத் தரையிலிருந்து எழுந்தது. அதன் நுனியில் இருந்த கொக்கி முழங்கால் உயரத்தில் வந்து நின்று ஒரு குலுங்கு குலுங்கியது, சுக்கு சிலிர்த்துக்கொண்டால் எப்படிக் குலுங்குமோ அப்படி. முப்பிடாதி, "வந்துட்டியா?" என்று கேட்டாள். பிறகு "தேடு" என்றாள். பனிப் புல்லில் நாலு கால் தடம் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்துகொண்டே போக, கயிறு அவளை இழுத்துக்கொண்டு போனது.

இங்கே சுக்கு தூக்கத்தில் காலை உதறியது. எழுந்தபோது பாதத்தில் கறுப்புக் களிமண் அப்பியிருந்தது, எங்கள் ஊரில் செம்மண்ணைத் தவிர வேறு மண் கிடையாது. விரல் இடுக்கில் மூன்று இலைப் புல் ஒன்று. மாவு வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "அவ கூப்பிட்டிருப்பா, இது போயிருக்கும்" என்றார் மில்காரர். "அங்க குளிரா இருக்குமே, ஒரு சாக்கப் போத்திவிடுங்க" என்றார் இன்னொருவர். போத்திவிட்டோம். மறுநாள் முதல் சுக்குக்குத் தூங்கப் போகும் முன் கொஞ்சம் கூடவே சோறு வைப்பது என்று முடிவானது, வெளிநாடு போகிற ஜீவன் வெறும் வயிற்றோடு போகக் கூடாது இல்லையா.

அந்த ஊர்க்காரர்களும் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மார்யெட்டா முதல் நாளே, "கயிற்றைத் தளர்வாகப் பிடி, நாய்க்கு மூச்சு முட்டும்" என்று முப்பிடாதியைத் திருத்தினாள். மற்ற நாய்கள் கொக்கிக்குப் பின்னால் இருந்த காற்றை முறையாக மோந்து பார்த்து வாலாட்டின. ரொட்டிக் கடைக்காரம்மா வாசலில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள், அது சளக் சளக்கென்று குறைந்தது. பரீட்சை நடுவர் போகுமில் என்று ஒரு பெரிய மீசைக்காரர், அவர் மட்டும் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு நாள் முழுக்கப் படித்தார். நாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பயணத்துக்காக நாயின் தோலுக்கு அடியில் வைக்கிற சிப்பின் எண் கருவியில் தெரிய வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தது. கருவியைக் கொண்டுவந்து கொக்கிக்குப் பின்னால் காற்றில் தடவினார். பீப் என்றது. பதினைந்து இலக்கமும் சரியாக இருந்தது. அவர் புத்தகத்தை மூடிவிட்டு, பெண் நாய் என்று படிவத்தில் எழுதிக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், கயிறு நூறு தப்படிக்கு மேல் போகவில்லை. பரீட்சைத் தடத்தில் மூன்று மரத்துண்டுகளை ஆங்காங்கே போட்டு வைப்பார்கள், நாய் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து அங்கே படுக்க வேண்டும். சுக்கு முதல் துண்டு வரைக்கும் ஜோராகப் போகும், பிறகு கயிறு தொப்பென்று விழுந்துவிடும். ஐந்து நாளும் இதே கதை. வீடியோ காலில் முப்பிடாதியின் முகம் சுண்டிப் போயிருந்தது. "அரைத் தூக்கத்துல வருது அண்ணாச்சி. முழுசாத் தூங்கினாத்தான் முழுசா வரும். இந்தச் சான்றிதழ் இல்லன்னா மலையில தொலையுற அடுத்த ஆளுக்கும் தவசி அண்ணாச்சி கதிதான். நாளன்னிக்குப் பரீட்ச."

தெருவைக் கூட்டினேன். அரைத் தூக்கத்துக்குக் காரணம் என்ன? சத்தம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேண்டும்? நாயை வேறு எங்காவது கொண்டு போகலாம் என்றால், பழகாத இடத்தில் அது படுக்கவே படுக்காது. ஆகவே, பரீட்சை நேரம் முழுக்க மேலத்தெருவில் ஒரு சத்தம் கேட்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம், அதை அறிவிக்க நான்தான் மைக்கில் கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்படி ஓர் அமைதியை எங்கள் ஊர் பார்த்ததில்லை. மில் நின்றது. கிரைண்டர் மூன்றும் நின்றன. ஞாயிறு என்பதால் பள்ளிக்கூடம் தானாகவே மூடியிருந்தது. மினி பஸ் டிரைவர் முக்கிலேயே எஞ்சினை அணைத்துவிட்டார், பயணிகள் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். கீழ வீட்டில் பெண்ணுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள், என் ஸ்பீக்கர் நாலும் வாயை மூடிக்கொண்டு நின்றன, வந்தவர்கள் சைகையிலேயே மொய் எழுதிவிட்டுப் பாயசத்தை உறிஞ்சாமல் குடித்தார்கள். சேவலை மட்டும் கூடையைப் போட்டுக் கவிழ்த்து அதன் மேல் போர்வையும் போட வேண்டியிருந்தது. எனக்கு என் காதே செத்துவிட்டதோ என்று இருந்தது.

சுக்கு தூங்கவில்லை.

படுத்தது, எழுந்தது. காதை விறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பிறகு தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய், உள்ளே எட்டிப் பார்த்து, ஆட்கள் உயிரோடுதான் இருக்கிறார்களா என்று சோதித்துவிட்டு வந்தது. நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்தோம், அதற்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

அங்கே வயல் நடுவில் முப்பிடாதி நின்றாள், நெஞ்சில் பதினான்கு என்று நம்பர். காலடியில் கயிறு செத்த பாம்பு மாதிரி கிடந்தது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கயிறு எழ ஐந்து நிமிஷம் பொறுப்பேன், அதற்கு மேல் விதியில் இடமில்லை என்றார். மார்யெட்டா போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

"அண்ணாச்சி, என்ன அங்க ஒரு சத்தத்தையும் காணும்?" என்று கேட்டாள் முப்பிடாதி.

நான் பெருமையாக, ரகசியக் குரலில் சொன்னேன்: "உனக்காகத்தாம்மா. ஒரு ஈ பறக்கல பாத்துக்க."

"கெடுத்தீங்களே" என்றாள். "அது பொறந்ததுலேருந்து இந்தச் சத்தத்துலதான தூங்குது. மொதல்ல எல்லாத்தையும் போடுங்க."

எனக்கு வந்த வெட்கத்தைப் பிறகு பட்டுக்கொள்ளலாம் என்று ஓடினேன். மில்லைப் போடுங்க, கிரைண்டரைப் போடுங்க என்று தெருவெல்லாம் கத்தினேன். மில் உறுமியது, மூன்று கிரைண்டரும் உருண்டன, சடங்கு வீட்டு ஸ்பீக்கர் நாலும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன, மினி பஸ் தள்ளின கோபத்தையெல்லாம் சேர்த்து ஹாரன் அடித்தது, பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்துப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னோம், சேவல் கூடைக்கு அடியிலிருந்து தன் பங்கைச் செய்தது. சுக்கு பெருமூச்சு விட்டது. கிரைண்டர் பக்கத்தில் சுருண்டது. ஒரு கண் மூடியது.

இன்னொரு கண் மூடவில்லை. அங்கே கயிறு ஒரு சாண் எழுந்து, அப்படியே தொங்கியது.

"இன்னும் ரெண்டு நிமிசம்" என்றாள் முப்பிடாதி. "இன்னும் ஏதோ ஒண்ணு கொறையுது அண்ணாச்சி."

என்ன குறைகிறது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சுக்கின் திறந்த கண் எங்கே பார்க்கிறது என்று பிறகுதான் பார்த்தோம். அது எதிர்வரிசையில் மூன்றாவது வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டு வாசலில் குருவம்மாள் மதினி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணி தாண்டி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

யாருக்கும் கேட்க வாய் வரவில்லை. எப்படிக் கேட்பது? செத்துப்போன புருஷனை வைது கொடு என்று ஒரு பொம்பளையிடம் எந்த வாயால் கேட்பது? நான் போனை நீட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. போனுக்குள் முப்பிடாதி இருந்தாள். "மதினி" என்று மட்டும் சொன்னாள்.

மதினி போனைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்து, மலையைப் பார்த்து நின்றாள்.

"ஏ மனுசா" என்றாள். ஒரு வருஷம் கிடந்த தொண்டை கரகரத்தது. "நீயெல்லாம் ஒரு மனுசனா? போகும்போது என்ன சொல்லிட்டுப் போன? மத்தியானத்துக்குள்ள வந்துருவேன், கொழம்பச் சூடு பண்ணி வையின்ன. வச்சேனே. அஞ்சு தடவ சூடு பண்ணுனேன், சட்டி அடி பிடிச்சுப் போச்சு, அந்தச் சட்டிய இன்னும் நான் தேய்க்கல, யாரு வந்து தேய்ப்பா, ஒங்க ஆத்தாளா வருவா? தண்ணி பாட்டில எடுத்துட்டுப் போன்னு சொன்னேனா இல்லியா? ஆகட்டும் ஆகட்டும்ன. என்னத்த ஆச்சு? ஆணியில தொங்குதே அந்தப் பாட்டிலு. சட்டையக் கொடியில போடுன்னு இருவது வருசமாச் சொன்னேன், போட்டியா? இப்பக் கொடி வெறுசாக் கெடக்கு, பாக்கச் சகிக்கல..."

சுக்கின் இரண்டாவது கண் மூடியது.

கயிறு விண்ணென்று எழுந்தது. முப்பிடாதி, "தேடு" என்றாள். அதற்குப் பிறகு நடந்ததை மார்யெட்டாவின் போனில் நாங்கள் பார்த்தோம், ஆனால் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். மதினி வைதுகொண்டே இருந்தாள், கயிறு வயலுக்குக் குறுக்கே நேராகப் போனது. முதல் துண்டில் புல் அமுங்கியது, முப்பிடாதி துண்டை எடுத்துத் தலைக்கு மேலே காட்டினாள். மதினியின் வசவு சோதனைச் சாவடிக்கு வந்திருந்தது. "அந்த ஆபீசர் கால்ல விழுந்தேன்யா, ஒனக்காக ஒருத்தன் கால்ல விழுந்தேன், நீ பள்ளத்துல சொகுசாப் படுத்துக் கெடந்த" என்று சொல்லும்போது கயிறு ஓடையைத் தாண்டி வளைந்தது, இரண்டாவது துண்டு கிடைத்தது. மதினி அழுதாள், அழுதுகொண்டே வைதாள், வைதுகொண்டே மூக்கைச் சிந்தினாள். தெருவில் எல்லாரும் அழுதார்கள், நானும்தான், ஸ்பீக்கரில் எதுவோ குத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்று நிமிஷம். கடைசியில் மதினி, "அப்பளம்கூட வைக்கலய்யா ஒன் தம்பி கல்யாணத்துல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

வயல் கடைசியில் கயிறு நின்றது. புல் அமுங்கியது. முப்பிடாதி குனிந்து தேடினாள், மூன்றாவது துண்டைக் காணோம். கயிறும் விழுந்துவிட்டது. நடுவர் அருகில் வந்து நின்றார்.

இங்கே சுக்கு எழுந்து உடம்பை நீட்டி முறித்தது. அதன் வாயில் ஒரு மரத்துண்டு இருந்தது. நேராகத் தெருவைக் கடந்து போய்க் குருவம்மாள் மதினியின் மடியில் அதை வைத்தது. பதினான்கு என்று முத்திரை போட்டிருந்தது, எச்சிலும் கறுப்பு மண்ணுமாக. நான் அதைப் போனில் காட்டினேன். நடுவர் மீசையைத் தடவினார். கண்டுபிடித்த பொருளை நாய் வாயில் எடுக்கலாம் என்று விதியில் இருந்தது, எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று இல்லை. எண்பத்தாறு மார்க் போட்டார். குறிப்பு என்ற இடத்தில், "நாய் நிதானமானது, அதன் ஊர் மிகவும் சத்தமானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முப்பிடாதி வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, சான்றிதழோடு நேரே சோதனைச் சாவடிக்குத்தான் போனாள். அதிகாரி அதை மூன்று தடவை படித்துவிட்டு, நாட்டு நாய்க்கும் அனுமதி உண்டு என்று எழுதிக் கொடுத்தார். மதினி மட்டும் பழையபடி வாயை மூடிக்கொண்டாள். "தேவப்பட்டா சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை, அதோடு சரி.

ஐப்பசியில் தேவைப்பட்டது. மதுரையிலிருந்து செடி ஆராய்ச்சி செய்ய வந்த ஞானசிகாமணி என்கிற பேராசிரியர் காலையில் மலையேறியவர் வழி தவறிவிட்டார், போனும் எடுக்கவில்லை. கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. முப்பிடாதி கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு சாவடிக்குப் போனாள், அந்த வழுக்குப் பாறைகளில் கண்ணுக்குத் தெரிகிற நாயைவிடத் தெரியாத நாய்க்குத்தான் கால் வழுக்காது என்று அவள் கணக்கு. "நாய் எங்கம்மா?" என்றார் அதிகாரி. "தூங்கப் போயிருக்கு சார்" என்றாள். அவர் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். இங்கே நாங்கள் மில்லைப் போட்டோம், கிரைண்டரைப் போட்டோம், மதினி இடுப்பில் சேலையைச் செருகினாள். கொக்கி எழுந்தது. அதிகாரி சாவடிக் கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

மூன்று மணி நேரத்தில் பேராசிரியரை முப்பிடாதி தோள் கொடுத்து இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கணுக்காலில் சுளுக்கு, நடுக்கம், மற்றபடி ஆள் முழுசாக இருந்தார். மதினி வீட்டு வாசலில்தான் உட்கார வைத்தோம். அவள் சுக்குக் காப்பி போட்டு, "ஆறுறதுக்குள்ள குடிங்க" என்று கொடுத்தாள். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தெருவைச் சுற்றிப் பார்த்தார்.

"கையில ஈரமா ஒரு மூக்கு பட்டுச்சு. இட்லி மாவு வாசன வந்துச்சு. ஒரு அம்மா வையுற சத்தமும் கேட்டுச்சு, அது நீங்கதானேம்மா, குரல் தெரியுது" என்றார். "ஆனா எனக்கு முன்னால ஒருத்தர் வழி காட்டிக்கிட்டே எறங்கினாரே, அவரு எங்க? ஆளு தெரியல, குரல் மட்டுந்தான். நீங்க ஒண்ணு சொல்லச் சொல்ல, அவரு பள்ளத்துல இருந்து 'ஆகட்டும், ஆகட்டும்'னுக்கிட்டே போனாரு. அவருக்கு ஒரு நன்றி சொல்லணும்."

முப்பிடாதி தனியாகத்தான் போயிருந்தாள். மில்லை யாரோ நிறுத்தினார்கள்.

மதினி காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அங்க போயும் அதத்தான் சொல்லுதாரு பாருங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள், உள்ளே சட்டியைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் மலையில் யாரும் காணாமல் போகவில்லை. இருந்தாலும் பதினோரு மணிக்கு மதினி வாசலுக்கு வந்து, மலையைப் பார்த்து, கொடியில் போடாத சட்டையிலிருந்து ஆரம்பித்தாள். சுக்கு இரண்டு கண்ணையும் மூடியது. நான் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன், மலைக்குக் கேட்கட்டும் என்று.